தோட்டத்து வரலாற தோண்டுறது எப்படி: பீடோங் பக்கத்துல இருந்து கொஞ்சம் வழி

மலேசியாவுல நம்ம கெடா பக்கம் யாராச்சும் ஊர் வரலாறு எழுதப் போறேன்னு ஆரம்பிச்சா மொதல் பாராவுலயே ராஜேந்திர சோழன் கப்பல்ல வந்து எறங்கிடுவாரு. 1025, கடாரம், பூஜாங் பள்ளத்தாக்கு எல்லாம் சரி தான், மெர்போக்கும் நமக்கு பக்கத்துல தான், ஆனா சோழனுக்கும் உங்க தாத்தா பால்வெட்டுன ரப்பர் மர நெரைக்கும் நடுவுல தொள்ளாயிரம் வருஷம் கெடக்கு. அந்த கடைசி நூறு வருஷத்த எழுதுறவங்க தான் கம்மி, தோட்டத்துல பொறந்து வளந்தவங்களும் ஒவ்வொருத்தரா போய்ட்டு இருக்காங்க, அதனால சோழன கொஞ்சம் உக்கார வச்சிட்டு தோட்டத்துல இருந்து ஆரம்பிங்க.

மொதல்ல ஒரு நோட்டு புக் வாங்கி, ஒரு எடத்துக்கு எத்தனை பேரு இருக்கோ அத்தனையும் எழுதுங்க. வேற எதுவும் இப்ப வேணாம். ஏன்னா ஒரே தோட்டத்த கம்பெனிக்காரன் ஒரு பேருல எழுதியிருப்பான், கவர்மெண்டு லாடாங்னு (மலாய்ல தோட்டம்) போட்டு வேற மாதிரி எழுதும், நம்ம ஆளுங்க அங்க இருந்த கங்காணி பேரையோ மரத்து பேரையோ கோயில் பேரையோ வச்சு கூப்புடுவாங்க, டவுன்ல கடை வச்சிருந்த சீனன் அவன் பாட்டுக்கு ஒன்னு சொல்லுவான். பாட்டி சொல்ற பேரு மட்டும் கையில வச்சிக்கிட்டு ஆர்க்கிப்ல (பழைய ஆவணக் காப்பகம்) போய் தேடுனா ஒன்னும் கெடைக்காது, கெடைக்காததுனால இல்லன்னு முடிவு பண்ணிட்டு வந்துடுவோம். டிவிஷன் நம்பரையும் விடாதீங்க. இங்க பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்த பாருங்க, தமிழ்ப்பள்ளி பேருல இன்னமும் பஹாகியான் 1, 2, 3ன்னு ஒட்டிக்கிட்டு இருக்கு, பழைய பேப்பர்ல வர்ற டிவிஷனும் அது தான்.

கட்டைக் கணக்கும் இதுல சேரும். நாலாங்கட்டை, எட்டாங்கட்டைன்னா மைல் கல்லு, சரி, ஆனா எந்த டவுன்ல இருந்து எண்ணுன கட்டைன்னு கேளுங்க, பெரியவங்க அத சொல்லாமலே விட்டுடுவாங்க, ஏன்னா அவங்களுக்கு ஒரே டவுன் தான். ரெண்டு ரோட்ல ரெண்டு எட்டாங்கட்டை இருக்கும், ரெண்டு கதையும் ஒன்னா கலந்துடும். மலாய்ல பத்துன்னா கல்லு, தூஜோன்னா ஏழு, பத்து தூஜோன்னு வந்தா அது ஏழாங்கட்டை, வெளியூர் புள்ளைங்க பதினேழுன்னு எழுதி வச்சத பாத்து சிரிச்சிருக்கேன்.

அப்புறம் எழுத்து. மலாய் எழுத்து முறை 1972ல மாறுச்சு, அதுக்கு முன்னாடி உள்ளதெல்லாம் வேற மாதிரி இருக்கும். கம்போங்ல ஓ வரும், தெலுக்ல ஓ வரும், சுங்கைக்கு கடைசில ஏ-ஐ இல்ல, ஈ-ஐ. சுங்கை பட்டாணிய இப்ப பி-ஈ-டி-ஏ-என்-ஐன்னு எழுதுறாங்க, பழைய பேப்பர் எல்லாத்துலயும் பி-ஏ-டி-ஏ-என்-ஐ, அதாவது நாம தமிழ்ல இன்னைக்கும் சொல்ற மாதிரி பட்டாணி தான். தேடும்போது ரெண்டையும் போட்டு பாருங்க, பாதி செய்தி பழைய எழுத்துல தான் ஒளிஞ்சிருக்கு.

பேரு எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா ஊருக்கு ரெண்டு கதை வரும். பட்டாணிக்கே பாருங்க, இப்ப உள்ள எழுத்த பாத்து பெத்தானின்னா வெவசாயி, அதான் பேருன்னு ஒருத்தர் சொல்லுவாரு, இன்னொருத்தர் சயாம் (இப்ப தாய்லாந்து) பக்கம் பட்டானில இருந்து வந்து குடியேறுனவங்க பேருன்னு சொல்லுவாரு. எது கேக்க நல்லா இருக்குன்னு பாக்காதீங்க, கெடைக்கிறதுலயே பழைய மேப்புல, பழைய கடுதாசில எப்படி எழுதியிருக்குன்னு மொதல்ல பாருங்க, அப்புறம் கதைய அதோட ஒட்டி பாருங்க. ராஜா வந்தாரு, கல்லெறிஞ்சாரு, யானை படுத்துச்சுன்னு வர்ற கதைங்கள தூக்கிப் போடவும் வேணாம், யாரு சொன்னாங்க எப்ப சொன்னாங்கன்னு போட்டு தனியா எழுதி வைங்க. பெரும்பாலும் ஊர் பேருங்க மரம், செடி, பறவை, ஆறு தான், மெர்போக்னா ஒரு வகை புறா, அவ்ளோ தான், எல்லா பேருக்கும் பின்னாடி போர் இருக்கணும்னு அவசியம் இல்ல லா.

இப்ப பெரியவங்க கிட்ட பேசுறது. போன ரெக்கார்ட்ல போட்டுட்டு "உங்க தோட்ட வரலாற சொல்லுங்க பாட்டி"ன்னு கேட்டா, "என்னத்த சொல்றது, கஷ்டப்பட்டோம்"னு ஒரு வரில முடிஞ்சிடும். எடத்த வச்சு கேளுங்க. பாட்டி கையில ஒரு சாக்பீஸ குடுத்து சிமெண்ட் தரையில லயத்த (தொழிலாளர் வரிசை வீடு) போட சொல்லுங்க, தண்ணி பைப்பு எங்க, புள்ளைங்கள விட்டுட்டு போற ஆயாக்கொட்டகை எங்க, காலைல பேரு கூப்புடுற பெரட்டுக்களம் எங்க, கள்ளுக்கடை எந்தப் பக்கம், கணக்கு எழுதுற கிராணி வீடு எவ்வளவு தூரம், தொரை பங்களா மேட்டுலயா. கோடு போட போட பேரு தானா வரும், "இந்த வீட்ல தான் அவ இருந்தா, அவ புருஷன சயாமுக்கு புடிச்சிட்டு போனாங்க"ன்னு நீங்க கேக்காததெல்லாம் வரும். முடிஞ்சா ஒரே தோட்டத்து ரெண்டு பாட்டிய ஒன்னா உக்கார வைங்க, ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர் "இல்லடி, அது சண்டைக்கு (ஜப்பான் போருக்கு) முன்னாடி"ன்னு திருத்துவாங்க, அந்த வாக்குவாதம் தான் உங்களுக்கு தங்கம். மகனும் மருமகளும் கூட உக்காந்து "அம்மா அத சொல்லாத"ன்னு தடுத்துக்கிட்டு இருந்தா இன்னொரு நாள் வாங்க. தரையில போட்ட படத்த அழிக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க.

வருஷம் கேக்காதீங்க, யாருக்கும் ஞாபகம் இருக்காது. கல்யாணத்துக்கு முன்னாடியா பின்னாடியா, மூத்த புள்ள பொறந்திருச்சா, ஐசி எடுத்தாச்சா, அப்படி கேளுங்க. அடையாள கார்டு, அதாவது ஐசி, 1948ல கம்யூனிஸ்ட்டுக்கு எதிரா போட்ட எமர்ஜென்சியோட வந்துச்சு, குடியுரிமை இல்லாதவங்களோட சிவப்பு ஐசி, வேலை பெர்மிட்டு பேச்சு வந்தா அது 1969ஐ ஒட்டி. நம்ம கெடால ஒரு தனி சிக்கல் இருக்கு, இத வெளில யாரும் சொல்லித் தர மாட்டாங்க: "சயாம் காலம்"னு ஒருத்தர் சொன்னா அது மூணுல ஒன்னா இருக்கலாம். 1909 வரைக்கும் கெடா சயாமுக்கு கீழ இருந்துச்சு, அந்த வருஷ ஒப்பந்தத்துல தான் வெள்ளைக்காரன் கைக்கு மாறுச்சு. ரெண்டாவது, 1942, 43ல ஜப்பான்காரன் சயாம்-பர்மா மரண ரயில் பாதை போட ஆளுங்கள கொண்டு போனது. மூணாவது, 1943 அக்டோபர்ல ஜப்பான்காரன் கெடாவ தாய்லாந்து கையில குடுத்துட்டான், 1945 வரைக்கும் அவங்க ஆட்சி. ஒரே பாட்டி ஒரே பேச்சுல ரெண்டாவதையும் மூணாவதையும் மாத்தி மாத்தி சொல்லுவாங்க, கேக்குற நீங்க தான் பிரிச்சு எழுதணும்.

கப்பலும் அப்படி தான். எல்லாரோட தாத்தாவும் ரஜுலா கப்பல்ல தான் வந்திருப்பாரு, கேட்டு பாருங்க. ரஜுலா ஓடுனது 1926ல இருந்து 1973 வரைக்கும், தாத்தா அதுக்கு முன்னாடியே இங்க பால்வெட்டுனாருன்னா அது வேற கப்பல். கங்காணி கூட்டிட்டு வந்தாருன்னா 1938க்கு முன்னாடி, அந்த வருஷம் இந்திய அரசாங்கம் கூலி ஆள் அனுப்புறத நிறுத்திடுச்சு. ஆவடி டிப்போவா நாகப்பட்டினம் டிப்போவான்னும் கேளுங்க, இங்க கோரண்டைன்ல இருந்த கதை, பினாங்குப் பக்கம் வந்தவங்களா இருந்தா பூலாவ் ஜெரெஜாக் பேரு வரும்.

கோயிலுக்கு போங்க, சாமி கும்பிட்டுட்டு பித்தளை மணிய பாருங்க. பழைய மணில உபயம்னு போட்டு கங்காணி பேரு, தோட்டத்து பேரு, சில சமயம் ஊர்ல உள்ள தாலுகா வரைக்கும் வெட்டியிருப்பாங்க, தேய்ஞ்சு போய் கண்ணுக்கு தெரியாது. பூசாரி கிட்ட கேட்டுட்டு கொஞ்சம் விபூதிய எடுத்து எழுத்து மேல லேசா தடவுனா பள்ளத்துல விபூதி தங்கி வெள்ளையா எழுத்து வந்து நிக்கும், ஒவ்வொரு எழுத்தா படிக்கலாம், அப்புறம் துணியால தொடச்சிடுங்க. குத்துவிளக்கு, அண்டா, சூலம் எல்லாத்தையும் திருப்பி அடியில பாருங்க. வருஷம் இங்கிலீஷ்ல இல்லாம விபவ வருஷம் சித்திரை மாசம்னு இருந்தா பயப்படாதீங்க, அறுவது வருஷ சுத்து, விபவ 1928லயும் வரும் 1988லயும் வரும், எதுன்னு மணியோட வயச பாத்தா தெரிஞ்சிடும். கும்பாபிஷேக மலர் இருந்தா கேட்டு வாங்குங்க, தல வரலாறு பகுதில மிகைப்படுத்தி எழுதியிருப்பாங்க, பரவால்ல, கடைசி பக்கத்துல உள்ள நன்கொடை பட்டியல் தான் நமக்கு வேணும், யாரு எந்த டிவிஷன்ல என்ன வேலைல இருந்தாங்கன்னு அதுல வந்துடும்.

சுடுகாட்டுக்கு சாயங்காலம் நாலு அஞ்சு மணிக்கு போங்க, கல்லுல உள்ள எழுத்துக்கு பக்கவாட்டுல டார்ச் அடிச்சா தெரியும். சாக்பீஸ், கம்பி பிரஷ் எதுவும் வேணாம், கல்லு போய்டும். செம்பனை (பாமாயில் மரம்) மாத்தி நடும்போது பழைய சுடுகாட்டையும் சேத்து தள்ளிட்ட எடங்க உண்டு, அதனால இருக்கறப்பவே போட்டோ எடுத்து வச்சிடுங்க.

வீட்ல உள்ள தகர பெட்டிய கெளறுங்க. பொறந்த சூராட்ல (பர்த் சர்டிபிகேட்) எந்த தோட்டம்னும் அப்பா என்ன வேலைன்னும் இருக்கும். இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) 1951ல ஆரம்பிச்சுச்சு, அதுல இருந்து வந்த பழைய பேப்பர்ல முதலாளி கம்பெனியோட முழு பேரு இருக்கும், இத பலர் பாக்காம விட்டுடுறாங்க, ஆனா கம்பெனி பேரு தெரிஞ்சா தான் மேல போக முடியும். தோட்டம் கை மாறிக்கிட்டே இருந்துச்சு: சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் மூணும் 2007ல ஒன்னாச்சு, கோல்டன் ஹோப்புக்கு முன்னாடி அது ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்டு, அவங்க பழைய கணக்கு வழக்கு லண்டன் ஆர்க்கைவ்ஸ்ல (முன்னாடி லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆர்க்கைவ்ஸ்னு பேரு) இருக்கு. 1950, 60கள்ல துண்டாடுன, அதாவது துண்டு துண்டா வித்த தோட்டம்னா மேப்புல இருந்தே பேரு காணாம போயிருக்கும், மஇகா கட்சித் தலைவரா இருந்த சம்பந்தன் 1960ல கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சதே அந்த துண்டாடல தடுக்கத்தான். ஆபீஸ் மூடும்போது ஆள் பேரும் சம்பளமும் எழுதுன செக்ரோல் புத்தகத்த எல்லாம் எரிச்சிட்டாங்கன்னு சொல்லுவாங்க, அப்படியே நம்பிடாதீங்க, பழைய கிராணி வீட்டுப் புள்ளைங்கள கேளுங்க, ஒன்னு ரெண்டு அலமாரி மேல இருக்கும். தமிழ்ப்பள்ளில சேர்க்கை பதிவேடும் அப்படியே. அந்த காலத்து லேபர் கோட்ல (தொழிலாளர் சட்டம்) பள்ளி வயசுல பத்து புள்ளைங்க இருந்தாலே தோட்டமே பள்ளி வைக்கணும்னு இருந்துச்சு, அதனால பழைய தோட்டம்னா எங்கயாச்சும் ஒரு பள்ளி இருந்திருக்கும், மூடிட்டாங்கன்னா எந்த பள்ளியோட சேத்தாங்கன்னு கேட்டு அங்க போங்க.

இவ்ளோ பேரும் கையில வந்த பெறகு தான் ஆர்க்கிப் நெகாரா. தலைமை ஆபீஸ் கோலாலம்பூர்ல, நமக்கு அலோர் ஸ்டார்லயே கிளை இருக்கு, கேட்டலாக ஆன்லைன்லயே தேடி ஃபைல் நம்பர எழுதிட்டு போங்க. கெடா செயலக ஃபைலுங்க எஸ்யூகே-ன்னு வரும், அதுல வருஷம் 1346, 1350ன்னு இருக்கும், அச்சுப் பிழை இல்ல, ஹிஜ்ரி வருஷம். 0.97ஆல பெருக்கி 622 கூட்டுங்க, 1346னா 1927, 28. நெறைய கடுதாசி ஜாவில (அரபு எழுத்துல எழுதுற மலாய்) இருக்கும், அதுக்கு ஒரு மலாய் கூட்டாளியோ ரிட்டையர்ட் உஸ்தாஸோ வேணும், காப்பி வாங்கி குடுத்து உக்காருங்க. 1882ல இருந்து 1943 வரைக்கும் ஆண்ட சுல்தான் அப்துல் ஹமீது காலத்து கடுதாசிங்க ரொம்ப முக்கியம், அத யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியல்லயே சேத்திருக்காங்க. பேராக், சிலாங்கூர் கூட்டாளிங்க சொல்ற ஃபைல் வழி நமக்கு அப்படியே பொருந்தாது, அவங்க வெள்ளைக்காரன் ஒன்னா சேத்து ஆண்ட எஃப்எம்எஸ் (கூட்டு மலாய் மாநிலங்கள்), நாம இல்ல.

மேப்புக்கு ஒரு அங்குலம் ஒரு மைல் அளவுல உள்ள எல்7010 வரிசைய கேளுங்க, தோட்டத்து பேரு, டிவிஷன், ரோடு எல்லாம் போட்டிருக்கும். நெலத்துக்கு டேரா டானால (மாவட்ட நில ஆபீஸ்) முக்கிமும் (உள்வட்டம்) லாட் நம்பரும் குடுத்தா சாரியான் (நெலப் பதிவு விவரம்) எடுக்கலாம், கெடால பழைய பட்டாவுக்கு சூராட் பூத்துஸ்னு பேரு, அந்த பேரு தெரியாம கவுண்டர்ல நின்னா ஒன்னும் நடக்காது.

பேப்பருக்கு சிங்கப்பூர் தேசிய நூலகத்தோட நியூஸ்பேப்பர் எஸ்ஜி வெப்சைட், பழசு பெரும்பாலும் வீட்ல இருந்தே ஓசில படிக்கலாம், ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ் 1845ல இருந்து இருக்கு, தமிழ் முரசும் இருக்கு. நம்ம தமிழ் நேசன் 1924ல ஆரம்பிச்சு 2019ல மூடுனது, அதுக்கு லைப்ரரில நேரா போய் உக்காரணும். பேப்பர்ல வர்றது பெரும்பாலும் போலீஸ் சொன்னதும் தொரை சொன்னதும் தான். 1947ல ஹார்வர்ட் தோட்டத்துல ஏ.எம். சாமி தொண்டர் படைய கூட்டி கள்ளுக்கடைய மறிச்ச சம்பவத்த எடுத்துக்கங்க, பேப்பர்ல படிச்சா கலகம், பெரியவங்க வாயால கேட்டா வேற ஒன்னு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க, நீங்களா நடுவுல சமரசம் பண்ணாதீங்க.

இனி எல்லாரும் ஆசையா கேக்குற கடத்தல், கேங் விஷயம். மொதல்ல அந்த காலத்துல எது குத்தம்னு தெரிஞ்சிக்கங்க. கள்ளு லைசென்ஸோட தோட்டத்துலயே வித்தாங்க, அது கடத்தல் இல்ல, சம்சு (கள்ளச் சாராயம்) காய்ச்சுறது தான் குத்தம். அபின் கூட சண்டைக்கு முன்னாடி கவர்மெண்டு கடையில வித்த சாமான், வரி கட்டாம வர்றது தான் கடத்தல், முழுசா தடை ஆனது 1946ல. அதிகமா யாரும் தேடாதது ரப்பர் கடத்தல். 1922 நவம்பர்ல இருந்து 1928 அக்டோபர் வரைக்கும் ஸ்டீவன்சன் திட்டம், வெலை ஏறணும்னு ஏத்துமதிய அளவு வச்சு குறைச்சாங்க, ஆனா டச்சுக்காரன் கையில இருந்த சுமத்ரா அதுல சேரல, கடல் தாண்டுனா கட்டுப்பாடு இல்ல, இங்க உள்ள ரப்பருக்கு ராத்திரில கால் மொளைக்காதா என்ன. 1934ல மறுபடியும் கட்டுப்பாடு, இவ்வளவு ரப்பர் விக்கலாம்னு குடுத்த கூப்பன், அந்த கூப்பன வாங்கி விக்கறதே ஒரு தொழில். இந்த வருஷங்கள போட்டு கூப்பன், ரப்பர் டீலர், ஸ்மக்ளிங், சண்டு (காய்ச்சுன அபின்), சம்சுன்னு இங்கிலீஷ் எழுத்துல ஊர் பேரோட தேடுங்க, மூடா ஆறும் மெர்போக் ஆறும் கடல்ல சேர்ற பக்கத்து ஊர் பேருங்களையும் போடுங்க. ஒட்டுப்பால் (கோப்பையிலயும் மரத்துலயும் காஞ்சு ஒட்டுன ரப்பர்) திருட்டு கேஸ் சின்னச் சின்னதா வரும், அதயும் எழுதுங்க, யாரு வாங்குனாங்கன்னு பாத்தா டவுன்ல பணம் எப்படி ஓடுச்சுன்னு தெரியும்.

எமர்ஜென்சி காலத்து அரிசி கடத்தல் வேற மாதிரி. கம்யூனிஸ்ட்டுக்கு சாப்பாடு போகக் கூடாதுன்னு அரிசி அளவு, சுத்தி முள்ளுக்கம்பி, காலைல வெட்டுக்கு போறப்ப கேட்ல பொம்பளைங்க வரைக்கும் சோதனை. அத மீறி கொண்டு போனவங்கள்ல பயந்து குடுத்தவங்களும் உண்டு, சொந்தக்காரன் காட்டுக்குள்ள அவங்களோட இருக்கான்னு குடுத்தவங்களும் உண்டு, மத்தியான பசிக்கு ஒளிச்சு எடுத்துட்டு போனவங்களும் உண்டு. பேப்பர்ல எல்லாரும் ஒரே வார்த்தை தான். இத கேக்கும்போது ரெக்கார்டர அமத்த சொன்னா அமத்திடுங்க.

ரகசிய சங்கங்களுக்கு பினாங்குல இருந்து ஆரம்பிங்க. 1867 கலவரத்துல கீ ஹின், தோ பே காங் சீன சங்கங்களோட சிவப்புக் கொடி, வெள்ளைக் கொடின்னு மலாய்க்காரங்க, இந்திய முஸ்லிம்கள் இருந்த கூட்டங்களும் சேந்து மோதுச்சு, அடுத்த வருஷம் விசாரணை அறிக்கை வந்துச்சு, அதுல சாட்சி சொன்னவங்க பேச்சு அப்படியே இருக்கு, படிக்க படிக்க சூடா இருக்கும். ஸ்ட்ரெயிட்ஸ்ல (வெள்ளைக்காரன் நேரா ஆண்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) 1890ல சங்கங்கள தடை பண்ணாங்க, கெடா அப்ப வேற ஆட்சி, அதனால மூடா ஆத்துக்கு அந்த பக்கம் தடை, இந்த பக்கம் இல்லங்கற வருஷங்கள கவனமா பாருங்க.

இப்ப உள்ள கேங்குங்கள விட்டுடுங்க. 2013ல உள்துறை அமைச்சு 49 கும்பல் பேர வெளியிட்டுச்சு, அது பொது விஷயம், அதுக்கு மேல தெருவுல கேட்டத எழுதுனா வரலாறு ஆகாது, வம்பு தான் வரும். பழைய கேஸ்லயும் பேரு போடறதுக்கு முன்னாடி புடிச்சாங்களா, தண்டனை ஆச்சா, விட்டுட்டாங்களான்னு மூணையும் தேடுங்க, புடிச்ச செய்தி பெருசா வரும், விட்ட செய்தி நாலு வரில உள் பக்கத்துல வரும். பேரன் பேத்திங்க இதே டவுன்ல கடை வச்சிருக்காங்கன்னா பேருக்கு பதிலா "ஒரு கடைக்காரர்"னு போட்டா வரலாறு ஒன்னும் கொறஞ்சிடாது.

சேத்தத ஒரே போன்ல வச்சிருக்காதீங்க. ஒவ்வொரு போட்டோவுக்கும் பேருலயே தோட்டம், எடம், யாரு சொன்னது, எடுத்த தேதி போடுங்க, வாட்சப்ல அனுப்புனா படம் தேய்ஞ்சிடும், டாக்குமெண்டா அனுப்புங்க. பேச்ச டைப் பண்ணும்போது பாட்டி பேசுன மாதிரியே விடுங்க, சுத்தத் தமிழுக்கு மாத்துனா லயமும் பெரட்டும் தண்டலும் காணாம போய்டும். ஒரு பிரிண்ட் பள்ளிக்கு, ஒன்னு கோயில் கமிட்டிக்கு, ஒன்னு பேசுன வீட்டுக்கு குடுங்க, வீட்டுக்கு குடுக்கறத மொதல்ல குடுங்க, படிச்சிட்டு "இது தப்பு, எங்க சித்தப்பா அங்க இல்ல, ரெண்டாம் டிவிஷன்ல இருந்தாரு"ன்னு போன் வரும், அத வச்சு திருத்திட்டு மத்த ரெண்டையும் அடிங்க.